பென்சிலைக் கீழே வை

அன்று ஆபீஸிலிருந்து வீடு திரும்பியபோது ஹாலில் இருந்த வெள்ளைப் பலகை நிரம்பி வழிந்தது. வீட்டிலிருந்தே வேலை பார்த்த காலத்தில் என் கணவர் வாங்கி மாட்டிய பலகை அது. வழக்கமாக அதில் அவருடைய ஆபீஸ் சமாசாரம்தான் கட்டம் கட்டமாக இருக்கும். அன்றைக்குக் கட்டங்களுக்குள் எங்கள் மகளின் மூன்றாம் வகுப்புக் கணக்கு உட்கார்ந்திருந்தது.

கேள்வியில் ‘ஆல்டுகெதர்’ என்று வந்தால் கூட்டு. ‘லெஃப்ட்’ என்று வந்தால் கழி. ‘ஈச்’ என்று வந்தால் பெருக்கு. ‘ஷேர்’ என்று வந்தால் வகு. ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் அம்புக்குறி கிளம்பி, கீழே ‘விடை’ என்று எழுதியிருந்த கட்டத்தில் போய் முட்டியது. பக்கத்தில் அவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய அப்பாவின் முகத்தில்கூட அவ்வளவு நிம்மதியைப் பார்க்க முடியாது.

“இனிமே கவலையே இல்ல. வார்த்தையைப் பார்க்கோணும், ரூலைப் போடோணும், முடிஞ்சுது,” என்றார்.

“ஏனுங்க, இதைப் புள்ளைக்குச் சொல்லித் தர்றீங்களா, கம்ப்யூட்டருக்குச் சொல்லித் தர்றீங்களா?”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. அவர் புரோகிராம் எழுதுகிறவர். நான் ஹடப்சரில் இன்னொரு ஆபீஸில், அடுத்தவர்கள் எழுதிய புரோகிராமில் ஓட்டை தேடுகிறவள். எதையாவது விதியாக்கிவிட்டால்தான் அவருக்குத் தூக்கம் வரும். விதி என்று ஒன்றைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். இப்படி இரண்டு பேர் கோயம்புத்தூரிலிருந்து கிளம்பி வந்து புனேயில் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துகிறோம் என்பதே ஆச்சரியம்தான்.

விஷயம் இதுதான். மகளுக்குக் கூட்டல், கழித்தல் எல்லாம் நன்றாக வரும். நானூற்று இருபத்து மூன்றிலிருந்து நூற்று எண்பத்தேழைக் கழி என்றால், நாக்கைத் துருத்திக்கொண்டு சட்டென்று கழித்துவிடுவாள். அதையே நாலு வரி ஆங்கிலத்தில் கதையாகச் சொல்லிக் கேட்டால் போயிற்று. பள்ளியில் அதற்கு ‘வர்ட் ப்ராப்ளம்’ என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டாலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போவாள். அடுத்த யூனிட் டெஸ்ட்டில் ஐந்து வர்ட் ப்ராப்ளங்கள் வரும் என்றும், அதில் குறைந்தது நாலு கணக்கைச் சரியாகப் போடாதவர்களை லேஜிம் வகுப்பு நேரத்தில் கூடுதல் கணக்கு வகுப்பில் உட்கார வைப்பார்கள் என்றும் பள்ளி டயரியில் டீச்சர் எழுதி அனுப்பியிருந்தார்.

லேஜிம் என்பது மரப்பிடியில் இரும்புச் சங்கிலி கோத்து, சங்கிலியில் சின்னச் சின்னத் தட்டுகள் பூட்டிய ஒரு வாத்தியம். கணபதி ஊர்வலத்தில் வரிசை வரிசையாக நின்று, குனிந்து நிமிர்ந்து அதை ஆட்டிக்கொண்டு ஆடுவார்கள். நூறு பேர் ஒன்றாக ஆட்டினால் தெருவே குலுங்கும். பள்ளி ஆண்டு விழாவுக்கு எங்கள் மகளை முன்வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். மராட்டியில் நாலு வாக்கியம் பேசச் சொன்னால் என் பின்னால் ஒளிந்துகொள்கிற குழந்தை, லேஜிம் கையில் வந்தால் வேறு ஆளாகிவிடுவாள். வீட்டில் துணி மாட்டும் ஹேங்கரை வைத்துக்கொண்டு பயிற்சி செய்வாள். கீழ்வீட்டுக்காரர் ஒருமுறை மேலே வந்து என்ன இடிக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார். அந்த முன்வரிசை இடம் அவளுக்கு எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். அதைப் பறிகொடுக்க விட மாட்டேன் என்று டயரியில் கையெழுத்துப் போட்டபோதே முடிவு செய்துவிட்டேன்.

எங்கள் அபார்ட்மென்ட் சொசைட்டி அம்மாக்களின் வாட்ஸப் குழுவில் கேட்டால் ஆளுக்கொரு வகுப்பின் பெயரைச் சொன்னார்கள். மணிச்சட்டம் வைத்துச் சொல்லித் தரும் வகுப்பு, ஆன்லைன் வகுப்பு, எங்கள் பகுதியான கோந்த்வாவிலேயே ஓய்வுபெற்ற மிலிட்டரிக்காரர் ஒருவர் நடத்தும் வகுப்பு. எல்லாம் வேகமாகக் கணக்குப் போடச் சொல்லித் தரும் இடங்கள். இவளுக்கு வேகத்தில் என்ன குறை? குழுவை மியூட்டில் போட்டுவிட்டு மகளைச் சாப்பாட்டு மேஜைக்கு அழைத்தேன்.

முதலில் அப்பாவின் பலகை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கலாம் என்று ஒரு கணக்கைக் கொடுத்தேன். பஸ்ஸிலிருந்து பதினைந்து பேர் இறங்கினார்கள், இருபத்தேழு பேர் மீதி இருந்தார்கள், முதலில் எத்தனை பேர் இருந்தார்கள்? புத்தகத்தில் இருந்த ஆங்கிலக் கணக்குதான். அவள் படித்தாள், பலகையைத் திரும்பிப் பார்த்தாள், ‘லெஃப்ட்’ என்ற சொல்லைச் சுற்றி வட்டம் போட்டாள், கழித்தாள். பன்னிரண்டு.

“பஸ்ல பன்னெண்டு பேர்தான் இருந்தாங்களா கண்ணு?”

“ஆமா.”

“அதுல இருந்து பதினஞ்சு பேர் எறங்குனாங்களா?”

“ஆமா.”

“எப்படி?”

அவள் என்னைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், பிறகு சோபாவில் இருந்த அப்பாவைப் பார்த்தாள். “அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. லெஃப்ட்னு இருக்குல்ல?” என்றாள்.

அவளுக்குக் கணக்கு வராமல் இல்லை. அவள் கணக்குக்குள்ளேயே போகவில்லை. வாசலில் நின்று பெயர்ப்பலகையைப் படித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறாள். அதைக் கண்டுபிடித்ததும் எனக்கு உற்சாகமாகிவிட்டது. ஆபீஸில் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்போம்.

“பென்சிலைக் கீழ வை,” என்றேன்.

பென்சில் இல்லாமல் கணக்கா என்று விழித்தாள். அன்றிலிருந்து அதுதான் எங்கள் வீட்டுச் சட்டம். கணக்கைப் படித்ததும் பென்சிலைத் தொடக்கூடாது. கேள்வியில் இருக்கும் எண்களை நான் கட்டைவிரலால் மூடிவிடுவேன். எண்ணே இல்லாமல் அங்கே என்ன நடந்தது என்று அவள் எனக்குக் கதையாகச் சொல்ல வேண்டும். எந்த மொழியில் வேண்டுமானாலும் சொல்லலாம். அவள் எல்லா மொழியிலும் சேர்த்துச் சொன்னாள்.

“மத்லப், ஒரு பஸ் இருக்கு. அதுல நிறைய லோக் இருக்காங்க. ஸ்டாப் வந்துச்சு. கொஞ்சம் பேர் எறங்கிட்டாங்க. பாக்கி பேர் உள்ளயே இருக்காங்க.”

“செரி. நமக்கு எது தெரியும், எது தெரியாது?”

“எறங்கினவங்க தெரியும். உள்ள இருக்கறவங்க தெரியும். பேலே, மொதல்ல, எத்தனை பேர்னு தெரியாது.”

“அப்ப அது பெருசா இருக்குமா, சின்னதா இருக்குமா?”

ஒரு நிமிடம் யோசித்தாள். முகம் மாறியது. “பெருசும்மா! எறங்கினவங்களைத் திரும்ப பஸ்ல ஏத்தினா வந்துடும்!” என்று கத்தினாள். கட்டைவிரலை எடுத்தேன். நாற்பத்திரண்டு என்று மனத்திலேயே கூட்டிச் சொன்னாள்.

சோபாவில் அவர் போனில் எதையோ மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்காக எல்லாம் அன்றே சரியாகிவிடவில்லை. இரண்டு நாள் நன்றாகப் போகும், மூன்றாவது நாள் பழையபடி “ப்ளஸ்ஸா, மைனஸா?” என்று ஆரம்பிப்பாள். எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைச்சல்தான். ஒரு சாயங்காலம் கையிலிருந்த புத்தகத்தை மேஜையில் டொப்பென்று போட்டேன். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். “ப்ளஸ்ஸா?” என்று கேட்டுவிட்டு அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் புருவம் லேசாகச் சுருங்கியதும் “மைனஸ், மைனஸ்!” என்றாள். கெட்டிக்காரிதான், ஆனால் கணக்கைப் படிக்காமல் என்னைப் படித்துக்கொண்டிருந்தாள். மறுநாளிலிருந்து நான் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பீன்ஸ் நறுக்க ஆரம்பித்தேன். முதல் நாள் மேஜையைச் சுற்றிவந்து எட்டிப் பார்த்தாள். நான் நாற்காலியைத் திருப்பிக்கொண்டேன். அப்புறம் வேறு வழியில்லாமல் கேள்வியைப் பார்க்கத் தொடங்கினாள்.

அப்பாவின் பலகை இன்னும் அங்கேயே இருந்தது. அழிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. எனக்கு அது வேண்டியிருந்தது.

“உனக்கு என்னோட வேலையைச் சொல்லித் தரட்டுமா?” என்று ஒரு சனிக்கிழமை மகளிடம் கேட்டேன். “அப்பா ஒரு ரூல் எழுதியிருக்கார்ல? அந்த ரூல் தோத்துப்போற மாதிரி நீ ஒரு கணக்கு உண்டாக்கோணும்.”

“அப்பா தோத்துடுவாரா?”

“அது நீ கேக்கறதைப் பொறுத்து.”

அந்தக் கண்களில் வந்த வெளிச்சத்தை நான் மறக்க மாட்டேன். சாப்பிடாமல்கூட யோசித்தாள். பிறகு அப்பாவைப் பலகை முன்னால் நிறுத்தினாள். அவரும் ஒப்புக்கொண்டார், ரூலில் உள்ளபடி மட்டும்தான் பதில் சொல்ல வேண்டும், சொந்தப் புத்தியை உபயோகிக்கக் கூடாது.

“லிஃப்ட்ல கொஞ்சம் பேர் இருந்தாங்க. தேர்ட் ஃப்ளோர்ல மூணு பேர் ஏறினாங்க. இப்ப ஆல்டுகெதர் எட்டுப் பேர். பேலே எத்தனை பேர்?”

“ஆல்டுகெதர் வந்துருச்சு. கூட்டோணும். எட்டும் மூணும் பதினொண்ணு,” என்றார் அவர், விதி தவறாத மனிதராக.

“கலத்! தப்பு! அஞ்சு! அஞ்சுப்பா!” என்று சோபாவில் ஏறிக் குதித்தாள். “எட்டுப் பேர்தான் லிஃப்ட்லயே இருக்காங்க, எப்படிப்பா பதினொண்ணு வரும்?”

அது நான் அவளிடம் கேட்ட கேள்வி. அவள் இப்போது அவரிடம் கேட்டாள். எனக்கு அடுக்களையில் நின்றபடியே சிரிப்பும் பெருமையும் தாங்கவில்லை.

அடுத்தது ஷேர். “நானும் என் ஃப்ரெண்டும் சிப்ஸ் ஷேர் பண்ணினோம். நான் ஆறு சாப்ட்டேன், அவ நாலு சாப்ட்டா. எத்தனை சிப்ஸ் சாப்ட்டோம்?” அவர் ஆறை நாலால் வகுக்க ஆரம்பித்து நடுவில் நின்றுவிட்டார். மகள் தரையில் உருண்டு சிரித்தாள். அதற்கப்புறம் வீட்டில் என்ன நடந்தாலும் அது கணக்குதான். தண்ணீர் டேங்கர் வந்தால் கணக்கு, இட்லித் தட்டைத் திறந்தால் கணக்கு. ஒன்றும் சொல்லாமல் அவரே ஒரு நாள் பலகையைத் துடைத்துவிட்டார். துடைத்த பிறகு என்னிடம் வந்து, “லாஜிக் தப்பில்ல. இன்புட் பத்தலை,” என்றார். விட்டுக்கொடுக்கிற ஆளா அவர்.

டெஸ்ட் வந்தது, போனது. எப்படி எழுதினாய் என்று கேட்டதற்கு “அச்சா தா”, நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு ஹேங்கரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். விடைத்தாளைப் பெற்றோர் கூட்டத்தில்தான் காட்டுவார்கள்.

கூட்டத்துக்கு நானும் அவளும் போனோம். டீச்சர் நல்லவர், முப்பது வயதுக்குள்தான் இருக்கும், களைத்துப்போன முகம். விடைத்தாளைத் திருப்பி வைத்தார். ஐந்தில் மூன்று சரி. ஒன்றில் ஏழாறு நாற்பத்தெட்டு என்று வாய்ப்பாட்டைக் கோட்டை விட்டிருந்தாள். இன்னொன்றுக்கு விடையே இல்லை, பெரிய பூஜ்யம். நன்றாகத்தான் முன்னேறியிருக்கிறாள், ஆனால் நாலு வர வேண்டும் என்பது எல்லோருக்கும் பொது விதி என்று டீச்சர் இந்தியில் வருத்தத்தோடு சொன்னார். என் மகள் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். லேஜிம் போய்விட்டது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

“இவளை மட்டும் சொல்லவில்லை. இந்த நாலாவது கணக்கு வகுப்பில் ஒருவருக்குமே வரவில்லை. பாதிப் பேர் நாற்பது என்று எழுதியிருக்கிறார்கள், சிலர் மூன்று என்று. இவள் அதுகூட எழுதவில்லை,” என்றார் டீச்சர்.

ஒருவருக்குமே வரவில்லை என்றதும் என் ஆபீஸ் புத்தி விழித்துக்கொண்டது. எல்லோரும் ஒரே இடத்தில் விழுந்தால் நாங்கள் முதலில் தரையைத்தான் பார்ப்போம். விடைத்தாளை என் பக்கம் இழுத்தேன். நாடகத்துக்காக ஹாலில் வரிசையாக நாற்காலிகள் போட்டார்கள். ஒவ்வொரு வரிசையிலும் எட்டு நாற்காலி. அதில் மொத்தம் ஐந்து நாற்காலிகள் உடைந்திருந்தன. எத்தனை பேர் உட்காரலாம்? அவ்வளவுதான் கேள்வி. கீழே, விடை எழுத வேண்டிய இடத்தில், கோணல் மாணலான ஆங்கிலத்தில் மகள் எழுதியிருந்தாள்: எத்தனை வரிசை? சொல்லவில்லை.

இந்தியில் என்னென்ன சொல்ல வேண்டும் என்று வாய்க்குள் கோத்துக்கொண்டிருந்தேன். நான் இந்தியில் சண்டை போட்டால் இலக்கணம் இருக்காது, வேகம் இருக்கும். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து மெல்லிய குரல் ஒன்று மராட்டியில் கேட்டது. எத்தனை வரிசை என்று நீங்கள் சொல்லுங்கள் மிஸ், நான் விடையைச் சொல்கிறேன்.

மராட்டி பேசச் சொன்னால் என் பின்னால் ஒளிகிறவள் பேசினாள். நான் என் இந்தியை விழுங்கிக்கொண்டேன்.

டீச்சர் கேள்வியைப் படித்தார். விரலை வைத்து இன்னொரு முறை படித்தார். பையிலிருந்து தன் கையெழுத்துப் பிரதியை எடுத்துப் பார்த்தார். “அரே தேவா!” என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். டைப் செய்தபோது ஆறு வரிசை என்ற வரி விட்டுப்போயிருக்கிறது.

“ஆறு வரிசை,” என்றார் மகளிடம்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். விரல்கள் காற்றில் எதையோ தொட்டுத் தொட்டு நகர்ந்தன. “நாற்பத்து மூன்று,” என்று மராட்டியிலேயே சொன்னாள்.

டீச்சர் சிரித்துவிட்டார். பூஜ்யத்தை அடித்து மதிப்பெண்ணைத் திருத்தினார். வகுப்பில் எல்லோரும் ஏதோ ஓர் எண்ணை எழுதினார்கள், இவள் ஒருத்திதான் கேள்வியைப் படித்திருக்கிறாள், தாள் திருத்திய நானும் படிக்கவில்லை என்றார். அப்படிச் சொல்ல ஒரு மனசு வேண்டும். அவர் மேல் வந்த கோபம் போன இடம் தெரியவில்லை. மற்றப் பிள்ளைகளுக்கும் அந்தக் கேள்வியைத் திரும்பக் கொடுப்பதாகச் சொன்னார். அதற்கப்புறம்தான் அந்தப் பேச்சை எடுத்தார். லேஜிமில் அதே இடம், முன்வரிசை.

ஸ்கூட்டரில் திரும்பும்போது எனக்கு நிலைகொள்ளவில்லை. ஊரையே கூட்டிச் சொல்ல வேண்டும்போல இருந்தது. சிக்னலில் நின்றபோது தலையைத் திருப்பிக் கேட்டேன். “ஏன் சாமி, எல்லாரும் எதையோ ஒண்ணு எழுதுனாங்கல்ல? உனக்கு எழுதோணும்னு தோணலையா?”

“தோணுச்சும்மா. ஃபார்ட்டி எழுதலாம்னு பார்த்தேன். பக்கத்துல எல்லாரும் அதான் எழுதினாங்க.”

“அப்புறம்?”

“நான் கண்ணை மூடி அந்த ஹாலைப் பார்த்தேன். ஒரே ஒரு வரிசைதான் தெரிஞ்சுது. அதுக்குப் பின்னாடி எவ்ளோ இருக்குன்னு தெரியல.”

“சும்மா விட்டா மார்க் போயிரும்னு தெரியாதா?”

“தெரியும்மா. லேஜிம் போயிடும்னு பயமாத்தான் இருந்துச்சு. அழுகையா வந்துச்சு.” என் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். “ஆனா தெரியாததைத் தெரியும்னு எப்படிம்மா எழுதறது?”

பச்சை விழுந்தது, வண்டியைக் கிளப்பினேன். கணக்கை நான்தான் சொல்லித் தந்தேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பரீட்சை மேஜையில், அந்த வயதில், அவ்வளவு ஆசையாக வைத்திருந்த ஒன்று கைவிட்டுப் போகும் என்று தெரிந்தும் இப்படி எழுத நான் சொல்லித் தரவில்லை. நானாக இருந்தால் நாற்பது என்று எழுதியிருப்பேன்.